கொண்டை நனையாமல்

"இந்தப் பலகை என்னைக் கொல்லாம விடாது டீச்சர்," என்றாள் நம்புசெல்வி.

ரெக்சி டீச்சர் மணலில் உட்கார்ந்து காற்றாடிக் கயிற்றின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அலை வரும்போது நீங்க எங்கக்கா இருக்கீங்க?"

"எங்க இருப்பேன்? பலகை மேலதான்."

"இல்ல," என்றாள் ரெக்சி.

அதோடு பேச்சு முடிந்தது. கயிற்றைச் சுற்றி எடுத்துக்கொண்டு டீச்சர் கிளம்பிவிட்டாள். நம்புசெல்வி மூக்கிலிருந்து உப்புத் தண்ணீரைச் சிந்திவிட்டு அங்கேயே நின்றாள்.

*

டீச்சருக்கு வயது இருபத்தைந்து. சிஷ்யைக்கு நாற்பத்தாறு. குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் வேறு கதைக்குப் போகலாம்; கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ரெக்சி தூத்துக்குடிப் பெண். இந்தக் கரையில் காற்றாடிப் பலகை, அதாவது பெரிய காற்றாடி இழுக்கக் கடல் மேல் நின்றபடி போகும் பலகை, ஓட்டச் சொல்லித்தரும் பள்ளியை நடத்துகிறவள்.

நம்புசெல்வி இந்தக் கரையிலேயே பிறந்தவள். பதினான்கு வயதில் கடலுக்கு அடியில் போய்ப் பாசி பறிக்க ஆரம்பித்து, முப்பது வருடம் பறித்தாள். விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, ஒரே மூச்சில் இறங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்துக்கொண்டு ஏற வேண்டும். மறுபடி இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு முங்குக்குக் குறையாது. இடது காது போனதும் முங்குவதை விட்டாள். ஆழம் போனால் காதுக்குள் ஆணி இறங்குவது போல வலி.

பிறகு இந்தப் பள்ளியில் காற்றாடிகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடும் வேலை. அலசுகிற பொருளை ஒருநாள் ஓட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஓட்டிப் பார்த்தாள். வந்தது.

சாதாரணப் பலகை தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்து ரெக்சி கொடுத்த ஃபாயில் பலகை அப்படி இல்லை. அதன் அடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தண்டு. தண்டின் நுனியில் சின்ன விமானத்துக்கு இருப்பது போல இரண்டு இறக்கை. மேலே காற்றாடி இழுக்க, வேகம் பிடித்ததும் இறக்கை தண்ணீருக்குள் பறக்கும். பலகை தண்ணீரை விட்டு எழுந்து அந்தரத்தில் போகும். சலசலப்பெல்லாம் சட்டென்று நின்றுவிடும்.

முதல் தடவை அப்படி எழுந்தபோது நம்புசெல்வி "ஆத்தாடி!" என்று கத்திவிட்டு விழுந்தாள். அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எப்போது விடியும், எப்போது மறுபடி எழுவோம் என்றே இருந்தது.

*

இந்த ஊருக்கு இரண்டு கடல். வடக்கே இருப்பது பெண்கடல். தொட்டித் தண்ணீர் போல அடங்கிக் கிடக்கும். தெற்கே ஆண்கடல், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் எழும்பி எழும்பி வரும். இந்தப் பெயர்களை யார் வைத்தார்கள் என்று தெரியாது. ஆண்களாகத்தான் இருக்கும்.

வடக்கே நம்புசெல்வி மூன்று மாதத்தில் கொக்கு மாதிரிப் பறந்தாள். தெற்கே முதல் அலையிலேயே விழுந்தாள். இரண்டாவது அலையிலும் விழுந்தாள். மூன்று வாரமாக விழுந்துகொண்டே இருந்தாள்.

கச்சான் மாதங்களில் பள்ளி தெற்குக் கரைக்கு மாறிவிடும். அலையில் ஃபாயில் சொல்லித்தர இன்னொரு ஆள் வேண்டும். "அந்த ஆள் நீங்கதான்க்கா," என்று ரெக்சி சொல்லியிருந்தாள். அலையில் நிற்க வந்துவிட்டால் அவளும் டீச்சர். வராவிட்டால் கடைசி வரை அலசல்தான்.

இதற்கு நடுவில் கரைத் தலைவர் முனியராசு வந்தார்.

"வடக்குக் கரையில என்ன கூத்து வேணாலும் அடிங்க," என்றார். "தெற்க படகு போற வழி. ஊர்ப் பொம்பள எதிர்ல நின்னா எங்க பொழப்பு விளங்குமா?"

"நான் நிக்கிறேனே தலைவரே," என்றாள் ரெக்சி.

"நீ வெளியூருப் பிள்ள. உன்னை எதுல சேக்குறது?"

ரெக்சி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

நம்புசெல்விக்குக் கும்பிடத் தெரியாது. "முப்பது வருசம் இதே ஆண்கடலுக்கு அடியில கெடந்தேன்," என்றாள். "அப்ப ஒருத்தரும் வந்து கேக்கல. மேல நிக்கிறேன்னதும் கேக்க வந்துட்டீங்க."

தலைவரிடம் அதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாதவர்கள் நிபந்தனை போடுவார்கள். போட்டார்.

"அந்தா தெரியிற மிதவைக் கொடி வரைக்கும் போ. சுத்திட்டுத் திரும்பி வா. கொண்ட நனையாம வந்துட்டா நான் வாயைத் தொறக்கல. நனைஞ்சா, பலகையோட இந்தக் கரைப் பக்கமே வரக் கூடாது. வர்ற ஞாயித்துக்கிழமை. ஊரே வந்து பாக்கும்."

"சரி," என்றாள் ரெக்சி.

தலைவர் போனதும் நம்புசெல்வி டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரக் கேட்டு ஆத்தா சரின்னு சொன்ன?" கோபம் வந்தால் டீச்சர் ஆத்தாவாகிவிடுவாள்.

"ஏன், முடியாதா?"

"முடியுமா முடியாதாங்கிறது இல்ல..." என்று ஆரம்பித்தவள், மீதியைச் சொல்லத் தெரியாமல் நிறுத்திக்கொண்டாள்.

*

மறுநாள் ரெக்சி பலகையைத் தரவில்லை.

"போயி அலையில நில்லுங்க. நெஞ்சளவு தண்ணி. தலை மட்டும் மேலேயே இருக்கணும்."

போய் நின்றாள். அலை வந்தது. முங்கினாள்.

அடுத்தது வந்தது. முங்கினாள்.

"ஏன்க்கா முங்குறீங்க?" என்று கரையிலிருந்து கத்தினாள் ரெக்சி.

"நான் எங்க முங்குனேன்?" என்று கத்திக்கொண்டே முங்கினாள்.

மத்தியானம் வரை அவள் தலைக்குக் கீழே போன அலை ஒன்றுகூட இல்லை.

பாசிக்காரிகள் அலையோடு மல்லுக்கு நிற்பதில்லை. வருவது தெரிந்ததும் மூச்சை அடக்கிக் குனிந்து அடியில் போய்விடுவார்கள். அது தலைக்கு மேல் போய்த் தொலையும். அப்படித்தான் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அந்தக் குனிவு நம்புசெல்வியின் உடம்பில் எலும்போடு எலும்பாகிவிட்டது.

பலகை மேலும் அதையேதான் செய்தாள். அலை தெரிந்ததும் மூச்சு நின்றது. முழங்கால் மடங்கியது. இடுப்பு பின்னால் போனது. பாரம் பின்காலுக்குப் போனால் ஃபாயில் அடங்காத குதிரை மாதிரி தலையைத் தூக்கும். இறக்கை தண்ணீரை விட்டு வெளியே வரும். அப்புறம் விழ வேண்டியதுதான் பாக்கி.

"நீங்க பயப்படப் பயப்பட அது ஒசரப் போகுதுக்கா," என்றாள் ரெக்சி.

"நான் எங்க பயந்தேன்?"

"நீங்க பயப்படல. உங்க இடுப்பு பயப்படுது."

"அப்ப அத வீட்டுல கழட்டி வச்சிட்டு வரவா?"

மூச்சு நிற்காமல் இருக்கப் பாடிக்கொண்டே போகச் சொன்னாள் ரெக்சி. நம்புசெல்வி பாடினாள். நல்ல குரல். அலை வரும் வரைக்கும் பாட்டு வந்தது. அலை வந்ததும் மின்சாரம் போன ரேடியோ மாதிரி நின்றது.

முன்கால், முன்கால் என்று ரெக்சி கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. வியாழக்கிழமை அவளால் பேசவே முடியவில்லை. நம்புசெல்வி அன்றும் விழுந்தாள்.

"போதும் டீச்சர்," என்றாள். கண் சிவந்திருந்தது, உப்புத் தண்ணீரால் மட்டும் இல்லை. "என் உடம்புக்குக் கீழ போகத்தான் தெரியும். அந்தாளுகிட்டப் போயி முடியாதுன்னு சொல்லிருங்க."

ரெக்சி தலையை ஆட்டி மறுத்தாள். நம்புசெல்வியைக் காட்டினாள். ஊர்ப் பக்கம் காட்டினாள்.

நீயே போய்ச் சொல் என்று அர்த்தம்.

*

போனாள். ரெக்சி பின்னாலேயே நடந்தாள்.

பாசிக்காரிகள் பாசி காயப்போடும் மணலில் முனியராசு நின்றுகொண்டிருந்தார். அவர் ஆட்கள் அங்கே வலையைக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். அரைகுறையாகக் காய்ந்த பாசி வலைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. நான்கு பெண்கள் ஓரமாக நின்று தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

நம்புசெல்வி வந்த வேலையை மறந்தாள்.

"யாரக் கேட்டு இங்க வலையப் போட்டீங்க?"

"ரெண்டு நாள்ல எடுத்துருவாங்க," என்றார் முனியராசு.

"ரெண்டு நாள்ல பாசி மக்கிப் போயிரும். உங்க வீட்டு அடுப்பு மேல நான் பாசியக் காயப்போட்டு, ரெண்டு நாள்ல எடுத்துக்கிறேன்னு சொன்னா விடுவீங்களா?"

"குரலக் கொறச்சுப் பேசு."

"கொறைக்க நான் என்ன உங்க வீட்டு ரேடியோவா?"

முனியராசு பெரிய உடம்புக்காரர். ஓர் அடி முன்னால் வந்தார். அவர் அப்படி வந்தால் ஊரில் எல்லோரும் பின்னால் போவார்கள். நம்புசெல்வி போகவில்லை. அவளும் ஓர் அடி முன்னால் வைத்தாள். முகத்தை நிமிர்த்திக்கொண்டாள். அந்த மணல் யார் யார் காலத்திலிருந்து பாசி மணல், அவருடைய அப்பாவே அதில் கால் வைக்க எப்படித் தயங்குவார், வலை உலர்த்த அவருக்கு வேறு எத்தனை இடம் இருக்கிறது என்று வரிசையாக எடுத்துவிட்டாள். மூச்சு விடாமல் பேசினாள் என்று சொல்வார்கள். தப்பு. மூச்சை விட்டு விட்டு இழுத்தால்தான் அவ்வளவு பேச முடியும்.

ரெக்சி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால் மணி நேரத்தில் வலை நகர்ந்தது. பெண்கள் பாசியை மறுபடி பரப்பினார்கள். முடியாது என்று சொல்ல வந்தவள் அதைச் சொல்லாமலேயே வீட்டுக்கு நடந்தாள்.

ரெக்சி அங்கே கிடந்த ஒரு பாசிக்கூடையை எடுத்து, நம்புசெல்வி நின்ற இடத்தில் மணல் மேல் கவிழ்த்தாள். காற்றில் பறக்காமல் ஒரு கல்லையும் தூக்கி வைத்தாள்.

"என்ன டீச்சர், கோழியப் புடிச்சு மூடி வச்சிருக்கீங்களா?" என்று பெண்கள் சிரித்தார்கள்.

ரெக்சி ஆமாம் என்று தலையாட்டினாள்.

*

விடிந்ததும் நம்புசெல்வியைக் கூட்டிவந்து கூடையை எடுத்தாள்.

மணலில் இரண்டு காலடி. முன்னால் வைத்த இடது கால் கணுக்கால் ஆழத்துக்குப் பதிந்திருந்தது. பின்னால் இருந்த வலது காலில் விரல்கள் மட்டும் லேசாகத் தெரிந்தன.

ரெக்சி தண்டையும் இறக்கையையும் கழற்றிய வெறும் பலகையைக் கொண்டுவந்து, அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் போட்டாள்.

"இது யாரு காலுக்கா?" தொண்டை கொஞ்சம் திறந்திருந்தது.

"என் காலுதான்."

"தண்ணிக்குள்ள இது எங்க போச்சு?"

நம்புசெல்வி தடத்தைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். அங்கே அலை வந்துகொண்டிருந்தது, மார்பை நிமிர்த்திக்கொண்டு, ஓர் அடி முன்னால் வைத்து.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடிக்க நேரம் பிடித்தது.

"அப்ப நான் வையலாமா டீச்சர்?"

"யாரை?"

"அவனத்தான்," என்று கடலைக் காட்டினாள்.

"நான் வேணா காதைப் பொத்திக்கிறேன்," என்றாள் ரெக்சி.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் நம்புசெல்வி விழுந்தாள். ஆனால் முன்பக்கமாக விழுந்தாள். அது போதும் என்று ரெக்சி சனிக்கிழமை சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை படகுகள் கடலுக்குப் போகவில்லை. ஊர் கரையில் நின்றது. முனியராசு கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். பாசிக்காரிகள் தனியாக ஒரு கூட்டம்.

நம்புசெல்வி கொண்டையை இறுக்கிப் போட்டு அதன் மேல் ஹெல்மெட்டை மாட்டினாள். ரெக்சி காற்றாடியைத் தூக்கிப் பிடித்து விட்டாள். அது விறைப்பாக மேலே போய் நின்றது.

இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து பலகையில் காலை வைத்தாள். காற்றாடியைச் சாய்த்தாள். அது அவளைத் தூக்கி நிறுத்தியது. பலகை ஓடியது. எழுந்தது.

முதல் அலை அரை ஆள் உயரம் இருக்கும்.

"வாடா," என்றாள்.

கரையில் இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. யாரோடு பேசுகிறாள்? காற்று கடலிலிருந்து அடித்ததால் ஒவ்வொரு சொல்லும் பத்திரமாகக் கரைக்கு வந்து சேர்ந்தது.

"யாரப் பாத்து எழும்புற? முப்பது வருசம் உன் அடி வயித்துல கெடந்தவடா நான்! உனக்குள்ள என்ன இருக்குன்னு உனக்கே தெரியாது, எனக்குத் தெரியும்! ஒதுங்குடா எடுபட்ட பயலே!"

அலை ஒதுங்கவில்லை. அலை எதற்கும் ஒதுங்காது. ஆனால் அவள் குனியவில்லை. இடது கால் பலகையை அழுத்தியது. அலை அவளுக்கு அடியில் போனது.

நாற்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஓர் அலை அவளுக்கு அடியில் போனது.

இரண்டாவது அலையை அவள் சபையில் சொல்லக் கூடாத ஓர் உறவுமுறை வைத்து அழைத்தாள். மூன்றாவது பெரியது. அதைப் பார்த்ததும் அவள் குரல் மாறியது.

"என் காதத் தின்னியேடா! செமிச்சுச்சா உனக்கு? பதினாலு வயசுல உன்கிட்ட வந்தேனேடா! வேற எது மிச்சம் இருக்குன்னு வர்ற? வா! வா பாப்போம்!"

பாசிக்காரிகளில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நின்றவள் திடீரென்று நம்புசெல்வியைப் பார்த்து, "கேளுடி, நல்லாக் கேளு!" என்று கத்தினாள். பிறகு எல்லோரும் அவரவர் பங்குக்குக் கடலை வைய ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் காதுகள் போயிருந்தன.

மூன்றாவது அலையும் அடியில் போனது.

கொடிக்குப் பக்கத்தில் பலகையைத் தண்ணீரில் இறக்கி, காலை மாற்றி, மெதுவாகத் திருப்பினாள். மறுபடி எழுந்தாள். திரும்பும் வழியில் அலை முதுகுக்குப் பின்னால் வரும், கண்ணுக்குத் தெரியாது. பின்னால் இருந்து வருகிறவர்களுக்கு அவள் வேறு வசவு வைத்திருந்தாள். அதை இங்கே எழுத முடியாது. முனியராசுவே தலையைக் குனிந்துகொண்டார்.

கரைக்குக் கிட்டே கடைசி அலை அவளை எதிர்பாராமல் தூக்கியது. இறக்கை ஒரு கணம் தண்ணீரை விட்டு வெளியே வந்து சீறியது. பலகை தடாலென்று விழுந்தது. தண்ணீர் முழங்கால் வரை அடித்தது. கரை மூச்சை அடக்கியது. அவள் அடக்கவில்லை, பாதியில் நின்ற வசவை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். பலகை மறுபடி எழுந்தது.

வந்து சேர்ந்தாள்.

ரெக்சி ஓடிப்போய்க் காற்றாடியைப் பிடித்து மணலில் படுக்க வைத்தாள். திரும்பி வந்து கேட்டாள்.

"அலை வரும்போது எங்கக்கா இருந்தீங்க?"

"பாசி மணல்ல," என்றாள் நம்புசெல்வி.



*

நம்புசெல்வி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முனியராசு எழுந்து வந்தார். கொண்டையைச் சுற்றி வந்து பார்த்தார். நேர்மையான மனிதர்தான், அதைச் சொல்லிவிட வேண்டும்.

"நனையல," என்று ஊருக்குக் கேட்கும்படி சொன்னார்.

பாசிக்காரிகள் கூச்சல் போட்டார்கள். அவர் கையமர்த்தினார்.

"பேச்சுன்னா பேச்சுதான். நாளையில இருந்து நீ இங்க நிக்கலாம். நான் அனுமதி குடுத்துட்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம். அப்புறம், காலையில படகெல்லாம் போன பிறகுதான் எறங்கணும். அப்புறம்..."

நம்புசெல்வி கேட்டுக்கொண்டே திரும்பினாள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்குள் நடந்தாள். இடுப்பளவு வந்ததும் குனிந்தாள். முங்கினாள்.

ஓர் அலை அவள் மேல் போனது. இன்னொன்று போனது. மூன்றாவதும் போனது. முப்பது வருட மூச்சு, சீக்கிரம் தீராது.

எழுந்தாள். கொண்டை அவிழ்ந்து முதுகெல்லாம் ஒழுகியது. அப்படியே நடந்து வந்து தலைவருக்கு எதிரில் நின்றாள். இடது கால் முன்னால் இருந்தது.

"நனைஞ்சிருச்சு," என்றாள். "நாளைக்கும் இங்க நிக்கத்தான் போறேன். இப்ப சொல்லுங்க."

முனியராசு ரெக்சியிடம் திரும்பினார்.

"என்ன இது? நீதானம்மா சரின்னு சொன்ன?"

"நான் யாரு தலைவரே சரின்னு சொல்ல?" என்றாள் ரெக்சி. "தப்பாச் சொல்லிட்டேன்."

பாடம் நடத்தும்போது ஊதத் தன் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றினாள். ஈரத் தலை வழியாக அதை நம்புசெல்வியின் கழுத்தில் போட்டாள்.

நம்புசெல்வி தலைவரைப் பார்த்தபடியே அதை ஊதிப் பார்த்தாள்.